பென்சில் செல் போடுற கேமராவுக்கு எந்த ரீசார்ஜ் செல் வாங்கலாம்? சார்ஜரும் சேத்து சொல்லுங்க

குளக்கரை வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மூலைக்கரைப்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கேன், ஏழாவது எட்டாவது பிள்ளைகள வச்சு ஒரு இயற்கை மன்றம் நடத்துதோம், மாசம் ரெண்டு சனிக்கிழமை காலைல கூந்தன்குளத்துக்கு கூட்டிட்டுப் போயி பறவை பாக்க வைப்போம். பழைய மாணவர் ஒருத்தர் ஊருக்கு வந்தப்ப தன்னோட பழைய கேமரா ரெண்ட மன்றத்துக்குன்னு குடுத்துட்டுப் போனாரு. ஒண்ணு கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்150 ஐஎஸ், அதுக்கு ரெண்டு பென்சில் செல். இன்னொண்ணு நிக்கான் கூல்பிக்ஸ் எல்820, அதுக்கு நாலு. எல்820ல 30 மடங்கு ஜூம் இருக்கதால கரையில நின்னே மரத்து உச்சில இருக்க கூட்ட எடுத்துரலாம், பிள்ளைகளுக்கு அது கையில கெடச்சா போதும், சோறு தண்ணி நெனப்பே இருக்காது.

இப்பம் பிரச்சனை செல்தான். மொதல்ல கடைல ரிமோட்டுக்குப் போடுற சாதா செல் வாங்கிப் போட்டோம், லென்ஸ் வெளிய வந்துச்சு, நாலு படம் எடுத்துச்சு, பேட்டரிய மாத்துன்னு சொல்லி அணைஞ்சு போச்சு. அப்புறம் ஆல்கலைன் செல்லு வாங்கினோம், அதுல ஒரு காலைக்கு அறுபது எழுபது படம் வந்துச்சு, ஆனா ரெண்டு கேமராவுக்கும் சேத்து ஆறு செல், ஒவ்வொரு தடவையும் புதுசுன்னா மன்றத்துக்கு கட்டுபடி ஆகாது. என் வீட்ல நாலு வருஷத்துக்கு முன்னால சார்ஜரோட சேத்து வாங்கின ரீசார்ஜ் செல் நாலு கெடந்துச்சு, மேல 2800ன்னு போட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை ராத்திரி பூரா சார்ஜ் போட்டு எடுத்து வச்சேன், சனிக்கிழமை காலைல கேமராவுல போட்டா பத்து படம் கூட தாங்கல.

அன்னைக்கு ஒரு பிள்ளை, ரொம்ப பேசாத பிள்ளை, கரண்டிவாயன் தன் குஞ்சுக்கு எர குடுக்குறத கண்டுபுடிச்சு எல்லாருக்கும் காமிச்சா. அவ கையில கேமராவ குடுத்தேன், ஜூம் பண்ணி சரியா வச்சு பட்டன அமுக்கப் போகையில ரெண்டு கேமராவும் ஒண்ணுபின் ஒண்ணா படுத்துருச்சு. அவ ஒண்ணும் சொல்லல, கேமராவ திருப்பி என் கைல குடுத்துட்டா. அது எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு.

அதனால கேக்குதேன். நல்ல ரீசார்ஜ் செல் எது? நம்பர் பெருசா இருந்தா நல்லதா? ஆல்கலைன்ல 1.5 வோல்ட்னு இருக்கு, ரீசார்ஜ் செல்லுல 1.2 வோல்ட்னு இருக்கு, அது கேமராவுக்கு பத்துமா? சார்ஜர் எப்படி பாத்து வாங்கணும்? வாத்தியார்மாரு சேந்து மூவாயிரம் ரூவா போட்டிருக்கோம், அதுக்குள்ள முடியணும்.

சுத்துபத்து:

சார் வணக்கம். நான் ஆன்லைன்ல ஒரு பாக்கெட் வாங்கினேன், 3600 எம்ஏஹெச்னு (செல்லு எவ்ளோ சார்ஜ் புடிக்கும்ங்கற அளவு) போட்டிருக்கு, நாலு செல்லும் ஒரு குட்டி சார்ஜரும் சேத்து ரொம்ப மலிவு. டார்ச் லைட்டுல போட்டு வச்சிருக்கேன் நல்லாத்தான் எரியுது. 2000 எம்ஏஹெச்னு போட்ட கம்பெனி செல்லுக்கு காசு குடுக்குறதுக்கு பதிலா இத வாங்கிட்டா உங்க பட்ஜெட்ல பாதி மிஞ்சும்.

சர்வீஸ் ரூம்:

வாத்தியார் சார், நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கேமரா சர்வீஸ் பண்றவன், இருபது வருஷமா இதான் வேலை. கேமரா ஆன் ஆகலன்னு என் டேபிளுக்கு வர்ற பென்சில் செல் கேமராவுல பாதிக்கு மேல கேமராவுல ஒண்ணுமே இருக்காது, செல்லு மாத்தினா ஓடும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த 1.5, 1.2 விஷயம், ஏன்னா எல்லாரும் இங்கதான் குழம்புறாங்க. ஆல்கலைன் செல் புதுசுல 1.5 வோல்ட், ஆனா அது அங்கயே நிக்காது, கரண்ட் எடுக்க எடுக்க சரிவு மாதிரி இறங்கிக்கிட்டே வரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், அதாவது இப்ப நம்ம வாங்குற ரீசார்ஜ் செல், சார்ஜ் போட்ட புதுசுல கொஞ்சம் மேல இருந்தாலும் 1.2 பக்கம் வந்து கிட்டத்தட்ட தீர்ற வரைக்கும் அங்கேயே நிக்கும், கடைசில சட்டுனு விழும். கேமராவுக்கு வேண்டியது இந்த நிலைதான். அதைவிட முக்கியம் செல்லுக்குள்ள இருக்குற தடை. உங்க ஊர் கணக்குல சொல்றேன், குளம் நெறைய தண்ணி கெடந்தாலும் மடை சின்னதா இருந்தா வயலுக்கு ஒரேயடியா பாயாது இல்லையா, ஆல்கலைன் அப்படிப்பட்ட குளம். கேமரா லென்ஸ நீட்டும்போதும், ஃப்ளாஷ் சார்ஜ் ஏறும்போதும் ஒரு ஆம்பியர், சில சமயம் அதுக்கும் மேல இழுக்கும். புது ஆல்கலைன் செல்லுக்குள்ள தடை 0.15ல இருந்து 0.3 ஓம் வரைக்கும் இருக்கும், ஒரு ஆம்பியர் இழுத்தா ஒவ்வொரு செல்லுலயும் 0.15ல இருந்து 0.3 வோல்ட் உள்ளேயே போயிடும். நல்ல நிக்கல் மெட்டல் செல்லுல அது 0.03 பக்கத்துலதான். அப்ப 1.2 வோல்ட்னு எழுதின செல், கேமரா இழுக்குற நேரத்துல, கொஞ்சம் ஓடி இறங்கின 1.5 வோல்ட் செல்ல விட அதிகம் குடுக்கும். கேமராவுல தீர்ந்துபோச்சுன்னு எடுத்த ஆல்கலைன சுவர் கடிகாரத்துல போட்டுப் பாருங்க, மாசக்கணக்குல ஓடும், உள்ள தண்ணி கெடந்துச்சு, மடைதான் சின்னது. நீங்க முதல்ல போட்ட சாதா செல் துத்தநாகம் கார்பன் வகையா இருக்கும், அது கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும்தான், அத கேமராவுல போடவே வேணாம்.

இப்ப உங்க 2800 செல்லுக்கு வரேன். ஞாயிறு போட்ட சார்ஜ் சனிக்கிழமை இல்லன்னா காரணம் ஒண்ணுதான், கரை கசியுது. பழைய மாதிரி நிக்கல் மெட்டல் செல் சும்மா வச்சிருந்தாலே மாசத்துக்கு இருபது முப்பது சதவீதம் போயிடும், வயசாக வயசாக இன்னும் மோசமாகும், நாலு வருஷ செல்லு ஒரு வாரத்துல காலியாகுறது ஆச்சரியமே இல்ல. உங்க ஊர் வெயிலும் சேர்ந்துக்கும், சூடு ஏறினா கசிவும் ஏறும். இதுக்காகத்தான் 2005 நவம்பர்ல சான்யோ கம்பெனி ஜப்பான்ல எனலூப்னு ஒரு செல்ல கொண்டு வந்துச்சு, ஒரு வருஷம் சும்மா வச்சிருந்தாலும் 85 சதவீதம் மிச்சம் இருக்கும்னு சொன்னாங்க. நான் அப்ப நம்பல, நாலு செல்ல சார்ஜ் பண்ணி டிராயர்ல போட்டுட்டேன், எட்டு மாசம் கழிச்சு எடுத்து ஒரு கேமராவுல போட்டேன், மத்தியானம் வரைக்கும் படம் எடுத்துச்சு. அன்னைலருந்து நான் வேற மாதிரி செல்ல யாருக்கும் சொல்றதில்ல. அப்புறம் சான்யோவ பானசோனிக் வாங்கிட்டாங்க, இப்ப எனலூப் பானசோனிக் பேர்ல வருது.

எனலூப்ல வெள்ளை இருக்கு, கருப்பு இருக்கு. வெள்ளைல குறைஞ்சது 1900, சாதாரணமா 2000 எம்ஏஹெச். கருப்பு ப்ரோ, 2500 பக்கம். நம்பர் பெருசா இருக்கேன்னு எல்லாரும் கருப்புக்குப் போவாங்க. ஆனா வெள்ளைய 2100 தடவை சார்ஜ் பண்ணலாம்னு கம்பெனி சொல்லுது, கருப்புக்கு 500 தடவைதான். ஒரே சைஸ் டப்பாவுக்குள்ள அதிகமா அடைக்கணும்னா உள்ள இருக்குற தடுப்புத் தாளையெல்லாம் மெலிசாக்கணும், ஆயுசு குறையும். மாசம் ரெண்டு தடவ போற பிள்ளைகளுக்கு வெள்ளை போதும், போதும்னு இல்ல, வெள்ளைதான் சரி. எனலூப் கெடைக்கலன்னா ஃபுஜிட்சு வெள்ளை, ஜிபி ரீசைக்கோ, இந்த வகைல எதையாவது பாருங்க, பாக்கெட் மேல ரெடி டு யூஸ், ப்ரீ சார்ஜ்டுன்னு ஏதாவது இருக்கணும், அதுதான் கசியாத வகைக்கு அடையாளம்.

சுத்துபத்து தம்பி, கோவிச்சுக்காதீங்க. பென்சில் செல் சைஸ்ல நிக்கல் மெட்டல்ல 2700, 2800க்கு மேல நெசமா வர்றதே கஷ்டம். 3600ன்னு எழுதினது அச்சடிச்சவன் இஷ்டம். உங்ககிட்ட கிச்சன் தராசு இருந்தா ஒரு செல்ல வச்சு எடை பாருங்க. எனலூப் வெள்ளை 26, 27 கிராம் இருக்கும், ப்ரோ 30 கிராம். ரொம்ப கம்மியா காமிச்சா உள்ள சரக்கு கம்மின்னு அர்த்தம்.

குளக்கரை வாத்தியார்:

ரொம்ப நன்றி சார். மடைன்னு சொன்னதும் எனக்கு டக்குனு புரிஞ்சுது, நாளைக்கு கிளாஸ்ல பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லப் போறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். ரீசார்ஜ் செல்ல முழுசா தீத்துட்டுத்தான் சார்ஜ் போடணும், பாதில போட்டா கெட்டுரும்னு எங்க ஸ்கூல் எலெக்ட்ரீசியன் சொல்லுதாரு, அது உண்மையா? சார்ஜர் பத்தி யாரும் சொல்லலியே.

மண்டப வெளிச்சம்:

சார் நமக்கு மதுரை, கல்யாண போட்டோகிராஃபர். கேமரா பேட்டரி தனி, ஆனா ஃப்ளாஷுக்கு ஒவ்வொண்ணுக்கும் நாலு பென்சில் செல், ரெண்டு ஃப்ளாஷ், மாத்து செட்டு, எப்பவும் பதினாறு இருபது செல்லு கையில ஓடும். தாலி கட்டுற அந்த நேரத்துல ஃப்ளாஷ் ரெடியாக மூணு செகண்ட் எடுத்தா முடிஞ்சு போச்சு, திரும்ப கட்டுங்கன்னு சொல்ல முடியுமா, அதனால செல்லு விஷயத்துல நான் ரொம்ப கறாரு.

எலெக்ட்ரீசியன் அண்ணன் சொல்றது பழைய நிக்கல் காட்மியம் செல்லுக்கு. அதுல மெமரின்னு ஒரு பிரச்சனை உண்டு. இந்த நிக்கல் மெட்டல்ல அது பெருசா கெடையாது, பாதில தாராளமா போடலாம். முழுசா தீக்குறேன்னு டார்ச்சுல போட்டு பொட்டு வெளிச்சம் கூட இல்லாம உறிஞ்சுறதுதான் தப்பு. ஏன்னா நாலு செல் வரிசையா இருக்கும்போது ஒண்ணு முன்னாடியே தீந்துருச்சுன்னா மத்த மூணும் அதுக்குள்ள தலைகீழா கரண்ட தள்ளும், அந்த செல்லு அதோட செத்துரும். கேமரா அணைஞ்சுதா, எடுத்து சார்ஜ் போட்டுருங்க, அவ்ளோதான்.

இதுல இருந்தே அடுத்த விஷயம் வருது, செட்டு கலைக்கவே கூடாது. புது செல்லும் பழைய செல்லும், இந்த கம்பெனியும் அந்த கம்பெனியும், கலந்து போட்டா எது பலவீனமோ அது மத்தத இழுத்துட்டுப் போயிரும். நான் பாக்கெட் பிரிச்ச அன்னைக்கே மார்க்கர்ல எழுதிருவேன், அ செட்டு நாலு, ஆ செட்டு நாலு, இ செட்டு நாலு, ஒண்ணா சார்ஜ் ஆகும், ஒண்ணா ஃப்ளாஷுக்குள்ள போகும், ஒண்ணா வெளிய வரும். ஆறு வருஷமா ஓடுற செட்டு இருக்கு எங்கிட்ட. பிள்ளைகள் கையாள்றதுன்னா கலர் ஸ்டிக்கர் வேணாம், சூட்டுல உரிஞ்சு உள்ள மாட்டிக்கும், மார்க்கர்தான் நல்லது. அப்புறம் பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கிக்குங்க, சட்டைப்பைல சில்லறையோடயும் சாவியோடயும் செல்லப் போட்டா ரெண்டு முனையும் தொட்டு சூடாகி பை பொத்துப் போற அளவுக்கு ஆகும். டப்பாவுல சார்ஜ் ஆன செல்லுக்கு தலை மேல, தீந்த செல்லுக்கு தலை கீழ, இத பழக்கிட்டா எது நல்ல செல்லுன்னு யாரையும் கேக்க வேணாம்.

சார்ஜர்தான் முக்கியம், செல்லுக்கு ஆயிரம் யோசிக்கிறவங்க சார்ஜருக்கு யோசிக்கிறதில்ல. மலிவு சார்ஜர் மணிக்கணக்கு வச்சு ஓடும், செல்லு பாதி நெறஞ்சிருக்கா முழுசும் காலியான்னு அதுக்கு தெரியாது, பத்து மணி நேரம்னா பத்து மணி நேரம். இன்னும் மோசமானதுல நேரமும் கெடையாது, நம்ம எந்திரிச்சு வந்து புடுங்குற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கும். எனக்கு ஆரம்பத்துல பாக்கெட்டோட சும்மா வந்த ஒரு சார்ஜர்ல இப்படி ராத்திரி பூரா போட்டு எட்டு செல்ல ஒரே சீசன்ல இழந்தேன். நல்ல சார்ஜர் செல்லோட வோல்ட்டேஜ பாத்துக்கிட்டே இருக்கும், நிக்கல் மெட்டல் செல்லு நெறஞ்ச உடனே வோல்ட்டேஜ் உச்சிக்குப் போயி ஒரு துளி கீழ இறங்கும், அந்த இறக்கத்த புடிச்சு நிறுத்திரும். அதோட ஒவ்வொரு குழிக்கும் தனி லைட்டு இருக்கணும், நாலு குழிக்கு நாலு லைட்டு. ரெண்டு லைட்டுதான் இருக்குன்னா அது ஜோடி ஜோடியா ஏத்துற சார்ஜர், ஜோடில ஒண்ணு சீக்கிரம் நெறஞ்சாலும் இன்னொண்ணுக்காக அதையும் சேத்து வறுத்துரும்.

எவ்ளோ வேகம்னு கேட்டீங்கன்னா 2000 செல்லுக்கு 500 மில்லிஆம்பியர்ல இருந்து ஆயிரத்துக்குள்ள இருந்தா போதும். 500ல போட்டா நாலரை அஞ்சு மணி நேரம் ஆகும். பதினஞ்சு நிமிஷத்துல ஏத்துறேன்னு வர்றதெல்லாம் சூடு, சூடு செல்லுக்கு ஆகாது. சார்ஜ் முடியும்போது கைக்கு வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியலன்னா கழட்டிருங்க.

பனிக்கரை:

வணக்கம் மாஸ்டர். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமா டொராண்டோவில இருக்கிறன். உங்கட பிள்ளையின்ர கதை வாசிச்சு மனசுக்கு ஒரு மாதிரிப் போச்சு, அதுதான் எழுதுறன்.

நானும் குருவி பாக்கிற ஆள், இஞ்ச மாரியில வெளியில நிக்கேக்க ஆல்கலைன் பற்றறி சுத்தமா வேலை செய்யாது, குளிருக்க உள்ள ரசாயனமே சோர்ந்து போகும். நான் பாவிக்கிறது எனலூப்தான், ரெண்டு செட்ட ஜக்கெட்டின்ர உள்பொக்கெற்றில உடம்புச் சூட்டோட வச்சிருந்து மாத்தி மாத்திப் போடுவன். கடும் குளிரெண்டா எனர்ஜைசர் லித்தியம் பற்றறி, அது ஒண்டு 15 கிராம்தான் பாரம், இருவது வருசம் வச்சிருக்கலாம் எண்டு சொல்லுறாங்கள். ஆனா அது ஒருக்கா பாவிச்சு எறியிறது, சார்ஜரில போடவே கூடாது. உங்களுக்கு அது தேவைப்படாது, ஆனா பையில ஒரு செட் அவசரத்துக்கு வச்சிருந்தா நல்லது, அது தானா இறங்கிப் போகாது.

நான் சொல்ல வந்தது வேற. பென்சில் பற்றறி மாதிரியே இருக்கும், ஆனா உள்ளுக்க வேற சாமான், அதுகளக் கவனிச்சு வாங்குங்கோ. 14500 எண்டு ஒரு லித்தியம் அயன் வருது, அளவு அச்சா அதேதான், ஆனா 3.7 வோல்ட். நாலு பற்றறிய அப்பிடி நிக்கானுக்குள்ள போட்டா கிட்டத்தட்ட 15 வோல்ட் போகும், கமரா போயிடும். நிக்கல் சிங்க் எண்டு இன்னொண்டு, 1.6 எண்டு எழுதியிருக்கும், சார்ஜரால எடுத்த உடன 1.8க்கு மேல நிக்கும், பழைய கமராவுக்கு அதுவும் ஆபத்து. இப்ப யூஎஸ்பியில சார்ஜ் பண்ணுற 1.5 வோல்ட் லித்தியம் பற்றறியும் நிறைய விக்கிறாங்கள். அது கடைசி வரைக்கும் 1.5லயே நிண்டு திடீரெண்டு பூச்சியமாகும், கமராவுக்கு பற்றறி முடியப்போகுது எண்டு சொல்ல நேரமே இராது, படம் மெமரி கார்டில எழுதுப்படேக்க நிண்டா அந்தப் படமும் போகும். அதில மில்லிவாட் மணியில எழுதி 3000 எண்டு பெரிசாக் காட்டுவாங்கள், 1.5ஆல பிரிச்சா 2000 மில்லிஆம்பியர் மணி, அதாவது எம்ஏஹெச்தான், ஆக்கள் ஏமாறுறது அங்கதான்.

சுத்துபத்து:

சர்வீஸ் ரூம் அண்ணா சொன்ன மாதிரி அம்மாவோட கிச்சன் தராசுல வச்சு பாத்தேன். நாலும் நாலு எடை, ஒண்ணு 17 கிராம், ஒண்ணு 19, மத்த ரெண்டும் 18. அப்புறம் பிரெண்டோட சார்ஜர் வாங்கி, அதுல செல்ல இறக்கி ஏத்தி எவ்ளோ இருக்குன்னு காட்டுற வசதி இருக்கு, அதுல போட்டேன். 3600ன்னு எழுதினதுல எதுவுமே 700ஐ தாண்டல. டார்ச் லைட்டு எல்ஈடி, கொஞ்சமாத்தான் இழுக்கும், அதான் எனக்கு தெரியாம இருந்திருக்கு. வாத்தியார் சார், நான் சொன்னத நம்பி வாங்கிடாதீங்க, மன்னிச்சுக்கோங்க.

லென்ஸ் கேப்:

இதே இழைல கேக்கலாமான்னு தெரியல. என்கிட்ட கேனான் 1500டி இருக்கு, எல்பி-இ10 பேட்டரி. ஒரு ஒரிஜினல் வாங்குற விலைல வேற கம்பெனி பேட்டரி மூணு கெடைக்குது, வாங்கலாமா?

சர்வீஸ் ரூம்:

தாராளமா கேளுங்க. எல்பி-இ10 லித்தியம் அயன், 7.4 வோல்ட் 860 எம்ஏஹெச். வேற கம்பெனில 1500, 1800ன்னு எழுதியிருந்தா மேல செல்லுக்கு சொன்ன அதே கதைதான், டப்பா அதே சைஸ், உள்ள இடம் வளரல. எல்லா மாத்து பேட்டரியும் மோசம்னு சொல்ல மாட்டேன், நல்லதும் இருக்கு, ஆனா வாங்கினா ஒண்ணு வாங்குங்க, மூணு மாசம் ஓட்டிட்டு அடுத்தது வாங்குங்க. முக்கியமா பாக்க வேண்டியது உப்பல். மேஜை மேல படுக்க வச்சா ஆடுதா பாருங்க. லேசா உப்பினாலும் கேமராவுக்குள்ள போடாதீங்க, உள்ள போயி சிக்கிக்கிட்டு வெளிய வராம என்கிட்ட வந்த கேமராவ கீழ்ப்பக்கம் பூரா பிரிச்சுத்தான் எடுத்தேன். மாசக்கணக்குல வைக்கப் போறீங்கன்னா முழுசா ஏத்தியும் வேணாம், முழுசா தீத்தும் வேணாம், பாதில வைங்க. விமானத்துல போனா மாத்து பேட்டரி கைப்பைல இருக்கணும், செக்இன் பெட்டில விட மாட்டாங்க.

வாத்தியார் சார், உங்களுக்கு இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். நிக்கான்ல செட்டப் மெனுக்குள்ள பேட்டரி டைப்னு இருக்கும், ஆல்கலைன், கூல்பிக்ஸ், லித்தியம்னு மூணு காட்டும். கூல்பிக்ஸ்னு இருக்குறதுதான் நிக்கல் மெட்டல் செல்லுக்கு, அதுக்கு மாத்துங்க. இல்லன்னா கேமரா 1.2 வோல்ட்ட பாத்து தீரப்போகுதுன்னு தப்பா நெனச்சு சீக்கிரமே அணைஞ்சுரும். அப்புறம் செல்லு வைக்கிற இடத்துல தகட்ட பாருங்க, வெள்ளையா பச்சையா பூத்திருந்தா எப்பவோ ஆல்கலைன் ஒழுகியிருக்கு. காது குடையுற பட்ஸ வினிகர்ல லேசா நனைச்சு துடைங்க, எலுமிச்சம் சாறும் ஆகும், அது காரம், புளிப்பு பட்டா கரையும். பின்னாடி ஸ்பிரிட் தொட்டு துடைச்சு நல்லா காயவிட்டு செல்லு போடுங்க. அந்த பழைய 2800 நாலையும் குப்பைத் தொட்டில போடாதீங்க, மின்கழிவு எடுக்குற இடத்துல குடுத்துருங்க. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி செல்லு தயாரிக்கிறவங்களே திரும்ப வாங்க ஏற்பாடு பண்ணணும்.

குளக்கரை வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம், லேட்டா வாரேன். எனலூப் வெள்ளை நாலு செல் பாக்கெட் ஒண்ணும், அதே நாலு செல் சார்ஜரோட சேந்த பாக்கெட் ஒண்ணும் வாங்கிட்டேன், நாலு குழிக்கும் தனித்தனி லைட்டு உள்ள சார்ஜர். எட்டு செல்லு ஆச்சு. திருநெல்வேலி கடைல வாங்கினதால பிரிச்ச கையோட நகைக்கடைக்காரரு ஒருத்தர் தராசுல நாலு செல்ல வச்சுப் பாத்தேன், 106 கிராம் வந்துச்சு, சந்தோசம். நாலு செல்லுக்கு அ1, அ2, அ3, அ4ன்னு எழுதினது நிக்கானுக்கு, ஆ செட்டு ரெண்டும் இ செட்டு ரெண்டும் கேனானுக்கு. மார்க்கர்ல எழுதினது அந்த பிள்ளைதான், அவ கையெழுத்து மன்றத்துலயே நல்ல கையெழுத்து.

நிக்கான்ல பேட்டரி டைப் ஆல்கலைன்ல கெடந்துச்சு, மாத்திட்டேன். கேனான்ல ஒரு தகட்டுல லேசா பூத்திருந்துச்சு, எலுமிச்சம் சாறு வச்சு பிள்ளைகள் முன்னாலயே துடைச்சேன், அது காரம் இது அமிலம்னு எட்டாவது அறிவியல் பாடம் அங்கயே நடந்துருச்சு, நுரை வந்தத பாத்து எல்லாம் கைதட்டுதுங்க. செல்லு மாத்துற ஒவ்வொரு தடவையும் தேதி கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அதுக்குன்னு தனியா ஒரு பட்டன் செல் உள்ள இருந்துச்சு, அதே நம்பர் பாத்து வாங்கிப் போட்டதும் சரியாப் போச்சு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சார்ஜ் போட்டு வச்சிட்டு வேணும்னே அப்புறம் தொடல, கசியுதா இல்லியான்னு பாக்கணும்னு. சனிக்கிழமை காலைல ஆறரை மணிக்கு குளத்துக்குப் போனோம், பதினோரு மணிக்கு திரும்பினோம். நிக்கான்ல 212 படம், செல்லு இன்னும் தீரல. கேனான்ல ஆ செட்டு 150 படத்துக்கு மேல ஓடி அணைஞ்சுது, இ செட்டு போட்டு மீதி எடுத்தோம். பகல்ல ஃப்ளாஷ அணைச்சு வச்சதும் உதவியிருக்கும்னு நெனைக்கேன்.

கரண்டிவாயன் குஞ்சு பெருசாயிருச்சு, கூட்டுல எந்திரிச்சு நின்னு றெக்கைய அடிச்சுப் பாக்குது. அந்த பிள்ளை எடுத்த படம் முப்பத்தி ஏழு, அதுல அம்மாவோட வாய்க்குள்ள குஞ்சு வாய விடுற படம் ஒண்ணு நல்ல தெளிவா விழுந்திருக்கு. ஹெட்மாஸ்டர் அத பிரிண்ட் போட்டு ஆபீஸ் வாசல்ல மாட்டச் சொல்லிட்டாரு, நெல்லைல பிரிண்டுக்கு குடுத்திருக்கேன்.

இன்னும் ஒண்ணு கேக்கணும். மே மாசம் பூரா லீவு, கேமரா ஸ்கூல் இரும்பு பீரோவுல இருக்கும், அந்த ரூமு மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும். செல்ல கேமராவுக்குள்ளயே விடலாமா, இல்ல கழட்டி என் வீட்டுக்கு கொண்டு வந்துரவா?

சர்வீஸ் ரூம்:

கழட்டி வீட்டுக்கே கொண்டு வந்துருங்க சார். கேமராவுக்குள்ள இருந்தா அணைஞ்சிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே இருக்கும், லீவு முடியுறதுக்குள்ள ரொம்ப கீழ போயிடக் கூடாது. டப்பாவுல போட்டு நிழலான அலமாரில வைங்க, ஃபிரிட்ஜ் வேணாம், வெளிய எடுக்கும்போது ஈரம் படியும். ஜூன்ல ஸ்கூல் தொறக்குறதுக்கு முந்தின நாள் ஒரு தடவை ஏத்திக்குங்க. பிரிண்ட் வந்ததும் அந்த படத்த இங்கயும் போடுங்க, என் டேபிள் முன்னாடி ஒட்டிக்கிறேன்.